சிலந்தியும் வாத்தும் இரண்டு விருந்தாளிகளும்: சின்னப் பிள்ளைகளைக் கதை எழுதப் பழக்குதல்

சென்ற டிசம்பர் விடுமுறையில் மழை விடாமல் பெய்த ஒரு கிழமை. மருதமுனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். என் தங்கை, சாச்சியின் பிள்ளைகள் இருவர், அயல் வீடுகளிலிருந்து நால்வர். எல்லோரும் தரம் 3க்கும் தரம் 5க்கும் இடைப்பட்டவர்கள். "நீ உயர்தரம் படிக்கிற புள்ளதானே, இதுகளுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடு. மழைக்குள்ள ஓடாம இரிக்கட்டும்" என்று உம்மா சொன்னார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, ஒரு கதை எழுதுங்கள் என்றேன்.

முதலில் எழுந்த கேள்வி: "எத்தனை வசனம் ராத்தா?"

அரை மணித்தியாலத்தில் ஏழு கதைகள் வந்தன. ஐந்து கதைகள் "ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார்" என்று தொடங்கின. ஆறு கதைகள் "ஆகவே நாமும் ஒற்றுமையாக வாழ்வோமாக" என்பது போன்ற ஒரு வசனத்தில் முடிந்தன. இடையில் நடந்தது என்னவென்று கேட்டால், எழுதிய பிள்ளைக்கே ஞாபகம் இல்லை. இதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் கட்டுரையை மனனம் செய்யும் வீடுகளில்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். பசுவைப் பற்றி நான் மனனம் செய்த எட்டு வசனங்களை இப்போதும் என்னால் ஒப்புவிக்க முடியும். அதில் எங்கள் வீட்டுப் பசு ஒரு வசனத்திலும் இல்லை.

நான் உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்துக் கதைகளைச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்ததற்கு அதுதான் காரணம். வேறு பெரிய திட்டம் எதுவும் இருக்கவில்லை. அந்த ஒரு கிழமையில் நான் கற்றதையும், பிழை விட்ட இடத்தையும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் தம்பி தங்கைகளை வைத்துக்கொண்டு செய்து பார்க்க விரும்பும் தோழிகளுக்கும், பெற்றோருக்கும் உதவக்கூடும்.

உரோமாபுரி எங்கே இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டியிருந்தது. தேசப்படத்தில் விரலை வைத்தபோது ஒருவருக்கும் அக்கறை இல்லை. ஆனால் பிளினி என்ற உரோம எழுத்தாளர் தம் நூலில் எழுதிவைத்த ஒரு செய்தியைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குளோடியஸ் பேரரசர் ஆண்ட காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், அரபுக் கரையோரம் போன ஓர் உரோமக் கப்பல் காற்றில் அள்ளுண்டு இலங்கைக்கு வந்து சேர்ந்ததாம். வந்தவனிடம் இருந்த வெள்ளி நாணயங்களை இந்நாட்டு அரசர் பார்த்தார். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பேரரசரின் தலை. ஆனால் எல்லாம் ஒரே நிறை. நாணயத்தை அடித்த ஆட்சியாளர் மாறியும் நிறை மாறவில்லையே, இவர்கள் நேர்மையானவர்கள் என்று வியந்து, உரோமுக்குத் தூதுவர்களை அனுப்பினாராம். "நம்மட நாட்டு ஆக்கள் அங்க போனாங்களா?" என்று சாச்சியின் மகன் கேட்டான். அதன் பிறகு உரோம் தூரத்து ஊராக இருக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு வாப்பா, மகளுக்குக் குடை கொண்டுவந்தவர், சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்: "மகள், வேற ஆக்கள்ர தெய்வக் கதையெல்லாம் சின்னப் புள்ளைகளுக்கு என்னத்துக்கு?" கோபமாகக் கேட்கவில்லை. நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. இரவு யோசித்தேன். பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கொப்பியில் திகதி போடும்போது எழுதும் ஜனவரி என்பது ஜானஸ் என்ற உரோமத் தெய்வத்தின் பெயரிலிருந்தும், மார்ச் என்பது மார்ஸ் என்ற போர்த் தெய்வத்தின் பெயரிலிருந்தும் வந்தவை. அந்த வணக்கம் வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. கதைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நம் முன்னோரும் பிறர் கதைகளுக்கு அஞ்சவில்லை. இந்தியாவின் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாகப் போய், 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பவரின் கையால் 'கலீலா வதிம்னா' என்ற அரபு நூலாகின. அந்நூலை அரபு உரைநடையின் முதல் பெரும் நூல்களில் ஒன்றாகப் போற்றுகிறார்கள்.

மறுநாள் அவரிடம் இதைச் சொன்னேன். கூடவே இரண்டு ஒழுங்குகளையும் சொன்னேன். ஒன்று, கதை சொல்லும்போது "அந்தக் காலத்து உரோமர் இப்படி நம்பினார்கள்" என்றே தொடங்குவேன். இரண்டாவது, பிள்ளைகள் தாங்கள் எழுதும் கதையில் தெய்வங்களைக் கொண்டுவரக் கூடாது. மனிதர், மிருகம், மரம், கடல் எல்லாம் வரலாம். அவர் தலையாட்டினார். பெற்றோருக்காக வைத்த அந்த இரண்டாவது ஒழுங்குதான் கதை எழுதுவதற்குப் பெரிய உதவியாக அமைந்தது என்பது பிறகுதான் விளங்கியது. சிக்கலான இடத்தில் ஒரு தெய்வம் வந்து மந்திரம் போட்டுத் தீர்த்துவிட முடியாது என்றால், பிள்ளை தானே வழி தேட வேண்டும். தெய்வம் இருந்த இடத்தில் யாரை வைப்பது என்று யோசிக்க வேண்டும். யாருக்கு ஊரில் அதிகாரம், யார் யாருக்குப் பயம் என்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

முதல் கதை அராக்னி. இதை ஓவிட் என்ற கவிஞர் இலத்தீனில் எழுதினார். கி.மு. 43இல் பிறந்தவர். உருமாற்றங்களைப் பற்றி 15 பாகங்களில் அவர் பாடிய பெருங்காவியத்தின் 6ஆம் பாகத்தில் இக்கதை வருகிறது. கதை இதுதான்: அராக்னி ஒரு சாயக்காரரின் மகள். உயர்ந்த குடும்பம் இல்லை. கைத்திறனாலேயே பேர் எடுத்தவள். அவள் நெய்த துணியை மட்டுமல்ல, நெய்யும் விதத்தைப் பார்க்கவும் கூட்டம் கூடும். "இந்தத் திறமையை மினேர்வாவிடம் கற்றாயா?" என்று கேட்டால் இல்லை என்பாள். மினேர்வா என்பது நெசவுக்கும் அறிவுக்கும் உரியவள் என்று உரோமர் நம்பிய தெய்வம். மினேர்வா நரைத்த கிழவியாக வந்து புத்தி சொல்ல, அராக்னி கேட்கவில்லை. இருவரும் தறியில் உட்கார்ந்தார்கள். மினேர்வா தன் பெருமையையும், எதிர்த்தவர்கள் பெற்ற தண்டனையையும் நெய்தாள். அராக்னி, தெய்வங்கள் மனிதரை ஏமாற்றிய கதைகளை நெய்தாள். அந்தத் துணியில் மினேர்வாவால் ஒரு பிழையும் காண முடியவில்லை. ஆத்திரத்தில் துணியைக் கிழித்தாள். கையிலிருந்த நாடாவால் அராக்னியின் நெற்றியில் அடித்தாள். முடிவில் அராக்னி சிலந்தியானாள்.

இடையில் அராக்னி கயிற்றில் தொங்கும் ஒரு கட்டம் மூலக்கதையில் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு. பெரிய வகுப்பில் வாசிக்கும்போது தெரிந்துகொள்வார்கள்.

இக்கதையை வேறு ஊரில் சொல்லியிருந்தால், தறி என்றால் என்ன என்றே பாதி நேரம் போயிருக்கும். மருதமுனையில் அந்தச் சிரமம் இல்லை. எங்கள் ஊர்க் கைத்தறிச் சாரனும் சாரியும் நாடெங்கும் பேர் பெற்றவை. முன்பு தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் என்று உம்மம்மா சொல்வார். இப்போது அவ்வளவாக இல்லை. ஆனாலும் அந்த ஏழு பேரில் மூவருக்குத் தறியில் இருந்த உறவினர் உண்டு. "நாடாவால அடிச்சா நல்லா நோகும், அது நுனியில இரும்பு" என்று ஒரு சிறுமி உறுதியாகச் சொன்னாள். நான் வாசித்த எந்தப் புத்தகமும் அதை எனக்குச் சொல்லவில்லை.

கதை முடிந்ததும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேசாமல் இருந்தேன். இதை வேண்டுமென்று செய்தேனா, களைப்பில் செய்தேனா என்று தெரியாது. ஆனால் பலன் கிடைத்தது. என் தங்கைதான் தொடங்கினாள்: "துணியில பிழையே இல்லயே. அப்ப ஏன் அவவுக்கு அடிச்ச?"

"அவ பெருமை பேசினவதானே" என்றான் ஒருவன்.

"பெருமை பேசினா துணியக் கிழிக்கிறதா?"

சண்டை மூண்டது. பத்து நிமிடம் விட்டேன். பிறகு அவரவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நின்று எழுதச் சொன்னேன். ஒருவரும் எத்தனை வசனம் என்று கேட்கவில்லை. ஒரு கதையோடு பிள்ளைக்குக் கோபம் வர வேண்டும். "இது சரியில்லை" என்று அவன் சொல்லும் இடம்தான் அவனுடைய சொந்தக் கதை தொடங்கும் இடம். பழைய கதையைத் திரும்ப எழுதச் சொன்னால் மனனம் வரும். சண்டை பிடிக்கச் சொன்னால் கதை வரும்.

எழுதும் முறைக்கு நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு எளிமையானது. முதலில் றப் கொப்பி. அதில் எழுத்துப் பிழை பார்ப்பதில்லை, சிவப்புப் பேனை இல்லை, அழிறப்பரும் இல்லை. வேண்டாததைக் கோடு போட்டு வெட்டலாம். வெட்டியது தெரிய வேண்டும். ஏனென்றால் சில வேளை வெட்டியதுதான் நல்லதாக இருக்கும். எழுதி முடித்ததும் பிள்ளை தானே சத்தமாக வாசிக்க வேண்டும். கேட்கும் மற்றவர்கள் "எனக்கு இந்த இடம் தெரியல்ல" என்று மட்டும் சொல்லலாம். நல்லது, கூடாது என்று சொல்லக் கூடாது. மறுநாள்தான் இரண்டாம் முறை எழுதுவது. ஒரே நாளில் இரண்டு முறை எழுதச் சொன்னால் அது தண்டனை போலாகிவிடும். முதல் நாள் அப்படிச் செய்து, ஒரு பிள்ளை அழுதுவிட்டாள்.

இரண்டாம் வரைவுக்கு நான் கொடுத்த ஒரே உதவி: "மனசைச் சொல்லாதே, கை என்ன செய்தது என்று சொல்லு." ஒரு சிறுமியின் முதல் வரைவு இப்படி இருந்தது: "கடை முதலாளிக்கு மிகவும் கோபம் வந்தது. அவர் கெட்டவர். சாரன் நல்ல சாரன். அவர் காசு தரவில்லை. உம்மா கவலைப்பட்டா." மினேர்வாவின் இடத்தில் அவள் சாரன் வாங்கும் முதலாளியை வைத்திருந்தாள். அப்படி ஒருவரை வைக்கலாம் என்பது என் தலையில் உதித்ததே இல்லை. மறுநாள் எழுதியது இது: "முதலாளி சாரனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விரலால் இழையை எண்ணினார். பிழை இல்லை. சாரனை மேசையில் போட்டு, கரையில் சாயம் கூடிப்போச்சு என்றார். உம்மா சாரனை மடித்தா. ஒரு முறை மடித்து, பிரித்து, திரும்பவும் மடித்தா."

வாசித்து முடித்ததும் விறாந்தை அமைதியாக இருந்தது. பிழையைக் காண முடியாதவர் பிழை சொல்வது என்பது அராக்னி கதையின் உயிர். அதைப் பத்து வயதுப் பிள்ளை எங்கள் ஊர்ச் சாரனுக்குள் மடித்து வைத்துவிட்டாள். குடை கொண்டுவந்த வாப்பாவும் அன்று வாசலில் நின்று கேட்டார். ஒன்றும் சொல்லாமல் போனார்.

நானும் ஒரு பாடம் படித்தேன். சாச்சியின் மகன் சிலந்தியின் பக்கம் நின்று எழுதியிருந்தான். "சிலந்தி நெய்தது. நெய்தது. நெய்தது. விளக்குமாறு வந்தது. சிலந்தி நெய்தது." கூறியது கூறல் என்று வெட்டப் போனேன். அவன் சத்தமாக வாசித்தபோது, தறி ஓடும் தாளம் அதில் இருந்தது. பேனையை மூடிவிட்டேன். இன்னொரு செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன்: இந்தக் கதையைப் பாடிய ஓவிட்டையே கி.பி. 8இல் அகஸ்டஸ் பேரரசர் கருங்கடல் கரையிலுள்ள ஓர் ஊருக்கு நாடு கடத்திவிட்டார். அவர் திரும்பவே இல்லை. தண்டனைக்கு அவர் எழுதிய ஒரு கவிதையும் ஒரு காரணம். "அவரும் சிலந்தியாயிட்டார்" என்றாள் தங்கை.

வாத்துக் கதையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கி.மு. 390 அளவில் கோலியர் என்ற படையினர் இரவில் உரோமின் குன்றுக் கோட்டையில் ஏறினார்கள். காவல் நாய்கள் சத்தம் காட்டவில்லை. கோயில் வாத்துகள் கத்தி, வீரர்களை எழுப்பிவிட்டன. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து எழுதினார்கள். ஒருவன் நாயின் வாயாக எழுதியிருந்தான். குரைத்தால் ஏன் குரைத்தாய் என்று அடிக்கிறார்கள், குரைக்காவிட்டால் ஏன் குரைக்கவில்லை என்று அடிக்கிறார்கள் என்பது நாயின் முறைப்பாடு. யார் வாயால் சொல்வது என்பதை மாற்றிப் பழக இதைவிட இலகுவான கதை இல்லை. முதல் நாளுக்கு இதைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

இனி நான் பிழை விட்ட இடம்.

ஓவிட்டின் 8ஆம் பாகத்தில் ஓர் ஏழைக் கிழவனும் கிழவியும் வருகிறார்கள். போசிஸ், பிலிமோன் என்று பெயர். இரண்டு வழிப்போக்கர்கள் இடம் கேட்டு ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். எல்லாக் கதவும் பூட்டு. ஓலைக் குடிசையில் இருந்த இந்த இருவர் மட்டும் உள்ளே கூப்பிட்டு, இருந்ததைச் சமைத்துப் போடுகிறார்கள். மேசையின் ஒரு கால் கட்டை. ஓட்டுத்துண்டு ஒன்றை அடியில் கொடுத்து மட்டப்படுத்துகிறார்கள். இருந்த ஒரே வாத்தையும் அறுக்கத் துரத்துகிறார்கள். அது பிடிபடாமல் ஓடுகிறது. விருந்தாளியை உபசரிப்பது நம் வீடுகளிலும் பெரிய காரியம் என்பதால் இதைத் தெரிந்தெடுத்தேன். மேசைக்காலைச் சொன்னபோது எல்லோரும் தங்கள் வீட்டு ஆடும் மேசையைச் சொன்னார்கள். நான் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டே போனேன். வந்தவர்கள் மாறுவேடத்தில் வந்த தெய்வங்கள் என்றும், கிழவனையும் கிழவியையும் மலைக்கு ஏறச் சொன்னார்கள் என்றும், திரும்பிப் பார்த்தபோது கதவைப் பூட்டிய ஊர் முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருந்தது என்றும்.

அந்த வசனத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

ஒரு சிறுமி கேட்டாள்: "அப்ப கடல் வந்தப்ப மௌத்தானவங்களும் கூடாத ஆக்களா ராத்தா?"

2004 டிசம்பர் 26ஆம் திகதி எங்களில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் அந்த நாள் இருக்கிறது. இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரத்தில் ஆட்கள் போகாத தெரு இல்லை. கேட்ட பிள்ளையின் வாப்பும்மாவும் அன்று போனவர். அடுப்படியில் நின்ற உம்மம்மாவுக்கும் அந்தக் கேள்வி கேட்டிருக்கும். அவருடைய தங்கச்சியும் போனவர்தான்.

எனக்கு வாய் வரவில்லை. உம்மம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார். "இல்ல மகள். நம்மட ஆக்கள் ஆருக்கும் கதவப் பூட்டல்ல" என்றார். பிறகு அவரே சொன்னார்: கடல் வந்த அன்று பின்னேரம் உள்ளூர்ப் பக்கத்து வீடுகளில் எப்படி அடுப்பு அணையாமல் எரிந்தது, யார் யார் எவர் வீட்டில் படுத்தார்கள், ஒருவரின் சாரனை இன்னொருவர் உடுத்திக்கொண்டு திரிந்தது. எனக்கே தெரியாத செய்திகள். பாதிக் கதையில் நான் கொப்பியை மூடிவிட்டு, ஏழு பிள்ளைகளோடு எட்டாவதாக உட்கார்ந்து கேட்டேன்.

கதை சொல்லப் போகிறவர்கள், அது கேட்பவரின் வீட்டில் எங்கே போய்த் தொடும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பரீட்சைக்குப் படித்ததால் இக்கதையை "விருந்தோம்பல்" என்ற தலைப்புக்குக் கீழ் ஞாபகம் வைத்திருந்தேன். வெள்ளம் எனக்கு ஒரு சிறு குறிப்பு மட்டுமே. கடற்கரையில் இருந்துகொண்டு அப்படி வாசித்தது என் கவனயீனம். இனி இக்கதையைச் சொல்வதே இல்லை என்றுதான் அன்றிரவு தீர்மானித்தேன்.

மறுநாள் அந்தச் சிறுமி தானே றப் கொப்பியைக் கொண்டுவந்தாள். ஒருவரும் எழுதச் சொல்லவில்லை. அவளுடைய கதையில் ஊரில் எந்தக் கதவும் பூட்டவில்லை. வந்தவர்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை, ஊர் கொள்ளாத அளவுக்கு ஆட்கள். தண்ணீர் வருகிறது. யாருடைய பிழையாலும் வரவில்லை, சும்மா வருகிறது. கிழவனும் கிழவியும் வீட்டில் இருந்த பாய்களை விரிக்கிறார்கள். பாய் போதவில்லை. பந்தியில் விரிக்கும் சீலையை விரிக்கிறார்கள். அதுவும் போதவில்லை. வாத்தை அந்தக் கதையிலும் பிடிக்க முடியவில்லை. கடைசி வசனத்தை இரண்டு முறை வெட்டி, மூன்றாம் முறை இப்படி எழுதியிருந்தாள்: "கிழவி கதவடியில் இருந்தா. இன்னும் ஆட்கள் வந்தார்கள்."

"ஆகவே நாமும்" என்று தொடங்கி ஒரு வசனம் அதன் கீழே இருந்தது. அதை அவளே கோடு போட்டு வெட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அது வேற கதைக்குள்ளது ராத்தா" என்றாள்.

அடுத்த விடுமுறைக்கு ரொமுலஸ், ரெமுஸ் என்ற இரட்டைச் சகோதரர்களின் கதையை வைத்திருக்கிறேன். புதிதாகக் கட்டிய மதிலைத் தம்பி ஏளனமாகத் தாண்டிப் பாய்ந்ததால் உடன்பிறப்புகளுக்குள் கொலை விழுந்த கதை. எங்கள் தெருவில் இரண்டு வளவுகளுக்கு இடையில் வேலிப் பிரச்சினை நடக்கிறது. அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என் விறாந்தைக்கு வருபவர்கள். இந்த முறை உம்மம்மாவிடம் முதலில் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.